பெரியவர்களுக்கான இருண்ட களிமண் அனிமேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயம், காமம், குற்றவுணர்வு, கொடுமை ஆகியவற்றைக் களிமண் ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக எடுக்கும் முறையில், சொல்ல நினைப்பவர்களுக்கான பக்கம் இது. பார்க்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு முதல் இரண்டு கேள்விகள் போதும். செய்து பார்க்க இறங்குகிறவர்கள் கடைசி வரை படியுங்கள்; பின்னால் வருவதெல்லாம் கை வேலை.

களிமண் அனிமேஷன் குழந்தைகளுக்கானதுதானே?

தொலைக்காட்சி அதைக் குழந்தைகள் பக்கம் கொண்டுபோய் வைத்தது, அவ்வளவுதான். ஸ்வீடனின் நதாலி யூர்பெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் பிறந்தவர், 2004 முதல் இசையமைப்பாளர் ஹான்ஸ் பெர்க்குடன் சேர்ந்து வேலை செய்கிறார். 2009 வெனிஸ் பியனாலே என்னும் சர்வதேசக் கலைக் கண்காட்சியில் நம்பிக்கைக்குரிய இளம் கலைஞருக்கான வெள்ளிச் சிங்கம் விருது அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் வைத்திருந்தது வெறும் திரையல்ல. ராட்சசப் பூக்களின் சிற்பங்கள் அரங்கை நிறைத்திருந்தன. அவற்றுக்கு நடுவே மூன்று களிமண் படங்கள் ஓடின. பார்க்க வந்தவர்கள் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்துதான் படத்தை அடைய முடிந்தது. 2018-இல் ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியம் இருவருக்கும் பெரிய தனிக் கண்காட்சி நடத்தியது.

திரையரங்குக்கான களிமண் படத்துக்கும் இப்படிக் கேலரியில் ஓடும் படத்துக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆடம் எலியட் தனிமையையும் மரணத்தையும் பற்றிப் பெரியவர்களுக்காகவே படமெடுக்கிறார். ஆனால் அவை ஆரம்பமும் முடிவும் உள்ள கதைகள். ஒரு குரல் நம் கையைப் பிடித்து அழைத்துப் போகும். கேலரியில் அந்தக் கை இல்லை. படம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும், பார்வையாளர் பாதியில் வருவார், பாதியில் போவார். எந்த நொடியில் நுழைந்தாலும் ஏதோ ஒன்று அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். படத்தை அமைக்கும்போதே இதை மனதில் வைக்க வேண்டும்.

கணினியிலேயே செய்துவிடலாமே, மண் எதற்கு?

செக் கலைஞர் யான் ஷ்வாங்க்மயெர் 1982-இல் எடுத்த 'உரையாடலின் பரிமாணங்கள்' குறும்படத்தின் நடுப்பகுதியைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். களிமண்ணாலான ஓர் ஆணும் பெண்ணும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். தொடுகிறார்கள், முத்தமிடுகிறார்கள், எது யார் உடம்பு என்று தெரியாதபடி ஒரே மண்ணாகக் குழைந்துபோகிறார்கள். பிறகு பிரிந்து அவரவர் இடத்தில் உட்காரும்போது மேசைமேல் ஒரு சிறிய மண் உருண்டை மிஞ்சுகிறது. அது இருவருக்கும் வேண்டாம். ஆளாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள், முகத்தில் எறிகிறார்கள், கடைசியில் ஒருவரை ஒருவர் பிய்த்துக் குதறுகிறார்கள். அணைத்த விரல்களும் பிய்க்கும் விரல்களும் ஒன்றே; சதையும் காயமும் மிஞ்சிய உருண்டையும் ஒரே மண்.

இன்னொன்றும் இருக்கிறது. திரையில் ஒரு பொம்மை இன்னொன்றை அடிக்கும்போது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு மனிதக் கை உள்ளே வந்து அந்த அடியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தியிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். மண்ணில் விரல் பதிந்த தடம் அதற்குச் சாட்சி. இந்தக் கலையின் இருட்டு கதையில் இருப்பதைவிட அந்தத் தடத்தில்தான் அதிகம் இருக்கிறது. கீழே வரும் யோசனைகள் எல்லாம் அந்தத் தடத்தைக் காப்பாற்றுவதற்குத்தான்.

எந்த மண் வாங்க வேண்டும்?

எண்ணெய்க் களிமண், அதாவது பிளாஸ்டிசின். இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட் 1897-இல் மாணவர்களுக்காக உருவாக்கியது. சுண்ணாம்புத் தூள், பெட்ரோலியம் ஜெல்லி, ஸ்டியரிக் அமிலம் ஆகியவைதான் அடிப்படை. தண்ணீர் இல்லாததால் காய்வதில்லை. குயவர் மண்ணில் எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் மூட்டுகளில் வெடிப்பு விடும்; வெடிப்பே உங்கள் விஷயமென்றால் ஒழிய அது வேண்டாம். அடுப்பில் 130 டிகிரியில் கெட்டியாகும் பாலிமர் மண் கண், பல், நகம் செய்ய நல்லது. உடம்புக்கு அது ஆகாது.

நியூபிளாஸ்ட், வான் ஏக்கன் போன்றவை அனிமேட்டர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வகைகள். பள்ளிக் கடைகளில் கிடைக்கும் மலிவான மண்ணிலும் பழகலாம். ஆனால் அதில் எண்ணெய் அதிகம். விளக்கடியில் பளபளக்கும், கையில் ஒட்டும். வெள்ளைத் தாளில் உருட்டி இரவு முழுக்க வைத்தால் தாள் கொஞ்சம் எண்ணெயை இழுத்துக்கொள்ளும்.

நம் வெயிலில் பொம்மை குழைந்துபோகிறதே?

அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் குழையத்தான் செய்யும். 24 முதல் 25 டிகிரிக்குள் வையுங்கள். முடியாவிட்டால் இரவில் எடுங்கள். பழைய ஹாலஜன் விளக்கு வேண்டாம், எல்.இ.டி. போதும். சூடான பொம்மையை மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். டப்பா இல்லாமல் வைத்தால், வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் பூக்கும். கேமராவில் அது வியர்வை போலத் தெரியும், அடுத்த ஃபிரேமில் காணாமல் போகும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே டப்பாவைத் திறங்கள்.

பொம்மைக்குள் என்ன இருக்க வேண்டும்?

கம்பி எலும்பு. 20 செ.மீ. உயரப் பொம்மைக்கு முதுகிலும் கால்களிலும் 2 மி.மீ. அலுமினியக் கம்பி இரட்டையாக முறுக்கியது, கைகளுக்கு 1.5 மி.மீ. இரட்டை, விரல்களுக்கு 1 மி.மீ. ஒற்றை. ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, ஸ்பிரிங் போலத் திரும்பிவிடும், வேண்டாம். ஒரு முனையை வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடித்து மறு முனையை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் சீராக முறுக்கேறும். செ.மீ.க்கு ஒரு சுற்று போதும். அதிகம் முறுக்கினால் கம்பி விறைத்துச் சீக்கிரம் உடையும்.

தொடை, கெண்டைக்கால், மேற்கை போன்ற எலும்புப் பகுதிகளில் எபாக்ஸி புட்டி (பிசைந்து பூசினால் கல் போல இறுகும் பசை) பூசுங்கள். மூட்டுகளை மட்டும் வெறும் கம்பியாக விடுங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 1 செ.மீ. இடம் இருக்கட்டும். இடம் குறைந்தால் வளைவு முழுக்க ஒரே புள்ளியில் விழுந்து கம்பி அங்கேயே முறியும். மணிக்கட்டும் கணுக்காலும்தான் முதலில் போகும். அதனால் கைகளைக் கழற்றி மாட்டும்படி சிறு பித்தளைக் குழாயில் செருகுங்கள், நான்கு கைகள் உபரியாக இருக்கட்டும். எலும்பு முழுவதும் நூலோ மருத்துவப் பிளாஸ்திரியோ சுற்றினால்தான் மண் வழுக்காது. தலைக்குள் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வையுங்கள். முழு மண் தலை கழுத்தை ஒரே மணி நேரத்தில் சாய்த்துவிடும். மேல் மண் 4 முதல் 6 மி.மீ. கனம்.

பாதத்துக்குள் எம்3 (3 மி.மீ.) நட்டு ஒன்றைப் புதைத்து, மேடைப் பலகையின் அடியிலிருந்து போல்ட் போட்டு இறுக்குங்கள். நடக்கும் பொம்மை விழாமல் இருக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

கண்களை எப்படிச் செய்வது?

கண்ணுக்குக் கண்ணாடி மணியோ மர மணியோ போதும். கருவிழியின் நடுவில் ஊசி நுழையும் அளவு துளை இருக்கட்டும். அதில் குண்டூசியை வைத்துத் திருப்பினால் முகத்தைத் தொடாமலே பார்வை மாறும். இமைகளைத் தனித்தனியாகச் செய்யுங்கள்: பாதி மூடியது, முழுதும் மூடியது. பின்பக்கம் துளி பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் ஒட்டவும் செய்யும், சுத்தமாக உரியவும் செய்யும். பாதி, முழு, பாதி என மூன்று படங்களில் ஒரு சிமிட்டல் முடிந்துவிடும்.

பயத்தை உண்டாக்க முகம் முழுக்க அசைய வேண்டியதில்லை. உடம்பை இரண்டு நொடி தொடவே தொடாதீர்கள், கண்மணியை மட்டும் ஒரு மி.மீ. நகர்த்துங்கள். பத்துக் கத்திக்குத்தைவிட அது ஆழமாக இறங்கும்.

வெள்ளை முகத்தில் சிவப்புக் கறை ஏறிவிட்டால்?

தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். பிளேடால் அரை மி.மீ. சீவி எடுத்துப் புது மண் பூசுங்கள். வராமல் தடுக்க, வேலையை வெளிர் நிறத்தில் தொடங்கிச் சிவப்பையும் கருப்பையும் கடைசியில் எடுங்கள். சிவப்புக்குத் தனிக் கருவி, தனித் தட்டு. நிறம் மாறும்போதெல்லாம் ஈரத் துடைப்பான், பிறகு உலர்ந்த துணி. கருப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு உதிராத துணியாக இருக்கட்டும். வெளிர் சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பொம்மைமேல் விழும்.

ஒரு நொடிக்கு எத்தனை படம்?

நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டத்தில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 படம். ஐந்து நிமிடத்துக்கு 3,600. தனி ஆளாக, பொறுமையாகச் செய்தால் ஒரு நாளைக்கு நாலைந்து நொடி தேறும். ஆக, படப்பிடிப்பு மட்டும் இரண்டு மூன்று மாதம். நொடிக்கு 24 படம் எடுத்தால் அசைவு வழுவழுப்பாகும். இந்த வகைப் படங்களுக்கு அது தேவையில்லை, பல நேரம் கெடுதல். வெட்டி வெட்டி நகரும் அசைவில்தான் மண் மண்ணாகத் தெரியும்.

எடுத்த படம் முழுக்க வெளிச்சம் மினுக்குகிறது. ஏன்?

எல்லோரும் சிக்கும் இடம் இதுதான். காரணம் ஒன்றல்ல, வரிசையாகப் பார்த்து நீக்க வேண்டும்.

முதலில் கேமராவின் தானியங்கி வசதிகள். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை (நிறச் சரிசெய்தல்) அனைத்தும் கைமுறையில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, அபர்ச்சர் எஃப் 8 முதல் 11. ஷட்டரை அரை நொடி அளவுக்கு நீட்டுங்கள்: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், குறுகிய ஷட்டர் அந்தத் துடிப்பின் ஒரு துண்டை மட்டும் பிடிக்கும், நீண்ட ஷட்டரில் துடிப்புகள் சமமாகிவிடும்.

அதன்பின்னும் மினுக்கினால் லென்ஸைச் சந்தேகியுங்கள். மின்னணு லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் அபர்ச்சர் இதழ்களை மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம் வரும். அபர்ச்சர் வளையம் உள்ள பழைய கைமுறை லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினால் இந்தத் தொல்லை அடியோடு போகும். பழைய நிக்கான் லென்ஸைக் கேனான் கேமராவில் மாட்டுவது அனிமேட்டர்களிடையே வழக்கமானது.

மூன்றாவது மின்னழுத்தம். பக்கத்து அறையில் ஏ.சி. ஓடத் தொடங்கினால் விளக்கு மங்கும். ஸ்டெபிலைசர் வைத்து, விளக்குகளுக்குத் தனி இணைப்புக் கொடுங்கள். ஜன்னலைக் கருப்புத் துணியால் முழுக்க மூடுங்கள். மேகம் நகர்வதுகூடப் படத்தில் விழும். ஒவ்வொரு முறை படமெடுக்கும்போதும் நீங்கள் ஒரே இடத்தில் நில்லுங்கள்.

கேமராவுக்கு பேட்டரிக்குப் பதில் மின் அடாப்டர் போடுங்கள். டிரைபாட் கால்களைத் தரையோடு ஹாட் குளூவால் ஒட்டிவிடுங்கள். மென்பொருளுக்கு டிராகன்ஃபிரேம் சிறந்தது. கைபேசியில் தொடங்க ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போதும். எதுவானாலும் முந்தைய படத்தை நிழலாகக் காட்டும் வசதி கட்டாயம் வேண்டும். தொடங்கிய ஷாட்டை அன்றே முடியுங்கள். இரவில் மண் தானாகத் தாழும், பலகை சற்றே விரியும். காலையில் எடுக்கும் முதல் படத்தில் எல்லாம் ஒரு குதி குதிக்கும்.

விரல் ரேகையை அழிக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அதைக் கையாளத் தெரிய வேண்டும். ஃபிரேமுக்கு ஃபிரேம் தடம் மாறும்போது தோல் கொதிப்பது போலத் தெரியும். எல்லா இடமும் கொதித்தால் கண் எதையும் பிடிக்க முடியாது. முகத்தைக் கருவியால் மட்டும் தொடுங்கள், கையை விரலால் தொடுங்கள். கை மட்டும் கொதிக்கும், பார்வை அங்கே போகும். மழமழப்பு வேண்டிய இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவலாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, விளக்கைப் போடுவதற்கு முன் செய்யுங்கள்.

ரத்தம், உருகுதல், உருமாற்றம் எப்படிச் செய்வது?

ரத்தத்துக்குக் கிளிசரினில் உணவு நிறம் கலப்பார்கள். பளபளப்பு அருமையாக வரும். ஆனால் நீங்கள் படமெடுக்கும் இடைவெளியில் அது தானாக வழியும், கட்டுப்படாது. தலைமுடி ஜெல் சேர்த்தால் ஓரளவு நிற்கும். அடர் சிவப்பு மண்ணைக் காகிதம் போல மெலிதாகத் தட்டி, படத்துக்கு 2 மி.மீ. வீதம் விரிப்பதே எங்கள் பரிந்துரை. சதையும் ரத்தமும் ஒரே பொருளாக இருப்பதால் காயம் பொம்மைக்குள்ளிருந்து வந்தது போலவே இருக்கும்.

உருமாற்றத்தில் எடை முக்கியம். 150 கிராம் மண்ணில் ஒரு முகம் செய்து அது நாயாக மாற வேண்டுமென்றால், நாயும் அதே 150 கிராமாக இருக்கட்டும். நடுவில் மண் சேர்த்தால் உருவம் காற்றடித்த பலூன் போல உப்பும், நம்பிக்கை உடைந்துவிடும். முதலில் இரண்டு உருவங்களையும் தனித்தனியாகச் செய்து எடை பாருங்கள். பிறகு 24 முதல் 36 படங்களில், மூக்கையோ தாடையையோ முன்னே போகவிட்டு மற்றதைப் பின்தொடரச் செய்யுங்கள். எல்லாம் ஒரே வேகத்தில் மாறினால் அது இயந்திர வேலையாகத் தெரியும்.

உருக வைக்க முடி உலர்த்தியைப் பத்துப் பத்து நொடி காட்டலாம். எந்தப் பக்கம் சரியும் என்று உங்களால் சொல்ல முடியாது, கம்பி வெளியே தெரியும். அது வேண்டாமென்றால் கையாலேயே தாழ்த்துங்கள்.

இதைவிட ஆபத்தான வழி ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் ஆஸ்கர் ஃபிஷிங்கர் 1920-களில் மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் சீவி, ஒவ்வொரு சீவலையும் படமெடுத்தார். மண்ணிலும் இதைச் செய்யலாம். 10 செ.மீ. நீளக் கட்டிக்குள் உருவங்களைப் பல நிற மண்ணால் நெடுக்காகப் புதைத்து, குளிரவைத்து, 1 மி.மீ. கனத்தில் சீவினால் 100 படம், எட்டு நொடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடையுங்கள், இல்லையென்றால் நிறம் இழுக்கும். மறு டேக் கிடையாது. கட்டி முடிந்தால் படமும் முடிந்தது.

வசனம் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். யூர்பெர்க்கின் பல படங்களில் பேச்சே இல்லை. வரும் சொற்களும் எழுத்தாகத்தான் வருகின்றன. பேச்சுக்கு வாய் அசைவு சேர்ப்பது வேலையை இரட்டிப்பாக்கும். இசையை முன்பே முடிவு செய்தால் அசைவைத் தாளத்தில் பூட்டலாம்: நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு அரை நொடி, அதாவது 12 ஃபிரேம், உங்களுக்கு 6 படம். அடி, விழுதல், திரும்புதல் எல்லாவற்றையும் தட்டில் வைத்தால் நடனமாகிவிடும். சிலவற்றை ஒரு படம் தாமதமாக வையுங்கள்.

கொடுமையைக் காட்டுவதில் எல்லை எது?

காட்சியில் யாருடைய வலி யாருக்கு ரசனையாகிறது என்று கேட்டுப் பாருங்கள். வலியை அனுபவிக்கும் பொம்மைக்குக் கண் கொடுத்து, அந்தக் கண்ணுக்கு நேரமும் கொடுத்தால் பார்ப்பவர் அதன் பக்கம் நிற்பார். அடிக்கும் கைக்கு மட்டும் நேரம் கொடுத்தால் அது வெறும் காட்சிப்பொருள். குழந்தையைப் பாலியல் நோக்கில் காட்டவே கூடாது, பொம்மையானாலும். இந்தியாவில் மின்னணு வடிவில் ஆபாசத்தை வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் வருகிறது. குழந்தைகள் தொடர்பானது 67பி-யில் வருகிறது. இணையத்தில் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வன்முறைக் காட்சியை வாரக்கணக்கில் கையால் செய்வது மனதை அழுத்தும். அதைத் தொடர்ந்து பத்து நாள் எடுக்காதீர்கள். நடுவே செட், நிலம், வானம் எடுக்கும் நாட்களைச் செருகுங்கள்.

யூடியூபில் போடலாமா?

போடலாம். பொம்மை இருப்பதால் குழந்தைகள் படமென்று நினைத்துக் குடும்பங்கள் திறக்க வாய்ப்புண்டு. பதிவேற்றும்போது 'குழந்தைகளுக்காக உருவாக்கப்படவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, 18 வயதுக் கட்டுப்பாட்டையும் நீங்களே போடுங்கள். முகப்புப் படத்தில் அழகான பொம்மையை வைத்து உள்ளே வேறொன்றைக் காட்டுவது பார்ப்பவருக்குச் செய்யும் துரோகம்.

கேலரியில் காட்டுவதும் விற்பதும் எப்படி?

வீடியோ கலையை எண்ணிட்ட பிரதிகளாக விற்பார்கள்: 3 அல்லது 5 பிரதி, கூடவே கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் ஓரிரு பிரதி. வாங்குபவருக்குக் கையெழுத்திட்ட சான்றிதழ், உயர்தர புரோரெஸ் 422 எச்.க்யூ. வடிவில் மூலக் கோப்பு, ஓட்டுவதற்குச் சுருக்கிய எச்.264 வடிவில் பிரதி ஆகியவற்றைத் தர வேண்டும். எந்த அளவில், எந்த ஒலியில் காட்ட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

முடிவும் தொடக்கமும் ஒட்டும் இடத்தில் கருப்பை இரண்டு நொடிக்கு மேல் விடாதீர்கள். சுவர் அடர் நிறத்தில் இருக்கட்டும், தரையில் கம்பளம் விரித்தால் எதிரொலி அடங்கும். ஒரே அறையில் பல படம் ஓடினால் ஒலிகள் மோதும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இசையை அமைப்பது நல்ல தீர்வு. வயது அறிவிப்பை வாசலுக்கு வெளியே, கண் மட்டத்தில் வையுங்கள். உள்ளே நுழைந்த பிறகு படிப்பதால் பயனில்லை.

படம் முடிந்தபின் பொம்மைகளை என்ன செய்வது?

தெர்மாகோலில் வைக்காதீர்கள், மண்ணின் எண்ணெய் அதை நாளடைவில் அரிக்கும். செய்தித்தாளும் வேண்டாம், மை முகத்தில் பதியும். கண்ணாடி அல்லது அலுமினியத் தாள்மேல் நிறுத்தி, மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில், 25 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல் வையுங்கள். படுத்த வாக்கில் வைத்தால் முதுகு தட்டையாகிவிடும். தூசி படிந்தால் துடைக்காமல், மென்மையான உலர் தூரிகையால் தட்டிவிடுங்கள். துடைத்தால் தூசியோடு விரல் தடமும் போய்விடும்.